மேல் தண்ணி தம்பிக்கு

பரவையைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து வயல் பக்கம் இறங்கும் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. வீடு ஒன்று, வாசல் இரண்டு, நடுவில் ஒரு சுவர். தெருவிலிருந்து கொல்லை வரை நூல் பிடித்தது போல நேராகப் போகும் அந்தச் சுவர், முற்றத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தொந்தி தள்ளி வளைந்து மறுபடி நேராகிறது. தொந்திக்குக் காரணம் ஒரு போர்க் குழாய். குழாயின் தலைமேல் ஓர் அடிபம்பு. பம்பின் கைப்பிடியும் மூக்கும் தெற்கே, தங்கப்பாண்டியின் பக்கம். அதே குழாய்க்குள் ஆழத்தில் கிடக்கும் மோட்டாரின் பைப்பும் வயரும் சுவரைத் துளைத்துக்கொண்டு வடக்கே, அவருடைய அண்ணன் பாண்டியராஜனின் பக்கம். ஒரே துளையில் இரண்டு குடும்பம் தண்ணீர் குடிக்கிறது. ஒற்றுமைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். பார்த்தவர்கள் பார்த்ததோடு போய்விடுவதால் அப்படிச் சொல்ல முடிகிறது.

தங்கப்பாண்டிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அவர் பிறந்ததே ஒரு முன்னெச்சரிக்கை நடவடிக்கை. மூத்தவர் கைக்குழந்தையாக இருந்தபோது ஓயாமல் காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார். "ஒத்தப் பிள்ளைய நம்பி எப்படி இருக்கிறது? இன்னொண்ணும் இருக்கட்டும்" என்று வீட்டில் முடிவானது. தங்கப்பாண்டி பிறந்தார். அதற்குப் பிறகு மூத்தவருக்குத் தும்மல்கூட வரவில்லை. அவசரத்துக்கென்று வாங்கி வைத்த சாமானை, அவசரம் வராமலே போனால் ஒரு குடும்பம் என்ன செய்யுமோ அதையே இவரையும் செய்தது. ஓர் ஓரமாக வைத்தது. தேவைப்பட்டபோது துடைத்து எடுத்தது.

அண்ணன் மதுரைக்குக் காலேஜுக்குப் போனார். தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் போனது. தங்கப்பாண்டியை எடுத்தார்கள். அண்ணன் சென்னையில் கம்பெனி வேலைக்குப் போனார். கத்தரிக்காய் மூட்டையைப் பரவை மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போகவும், சர்க்கரை வந்த அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் ஒரு மகன் வேண்டியிருந்தது. தங்கப்பாண்டியை எடுத்தார்கள்.

கல்யாணத்துக்கும் அவரை அப்படித்தான் எடுத்தார்கள். கனகலட்சுமியைப் பெண் பார்த்தது அண்ணனுக்கு. பூ வைத்து, நாள் குறித்து, பந்தக்கால் நட்ட பிறகு அண்ணன் சென்னையிலிருந்து போன் செய்து, தனக்கு இப்போது கல்யாணம் சரிப்படாது என்றார். சொந்தபந்தம் வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பெரியப்பா முறையுள்ள உக்கிரபாண்டி ஒரு வழி சொன்னார். ஊரில் எந்தப் பஞ்சாயத்து நடந்தாலும் நடுவில் உட்காருகிறவர் அவர்.

"பேசுனது பேசுனதாவே இருக்கட்டும்ப்பா. மண்டபம் அதே மண்டபம், பொண்ணு அதே பொண்ணு. மாப்பிள்ள மட்டும் மாறிக்கிறட்டும்."

இதைப் பற்றிக் கனகலட்சுமி சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. "மூத்தவருக்கு அளவெடுத்துத் தச்ச சட்டைய இவுக போட்டிருந்தாக. தோள்பட்டை ரெண்டு பக்கமும் தொங்குச்சு. அதப் பாத்துக்கிட்டேதான் நான் தாலிக்குக் குனிஞ்சேன்."

அண்ணனுக்குச் சரிப்படாத கல்யாணம் அடுத்த வருஷமே சரிப்பட்டது. மாயக்காள் என்ற பெயருடன் போன மதினி, சென்னைக் காற்றில் மாயா ஆனார். இரண்டு பேரும் வேலைக்குப் போனதால் குழந்தை திவ்யாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தங்கப்பாண்டிக்கும் கனகலட்சுமிக்கும் பிள்ளை இல்லை. ஆக, இவர்களை எடுத்தார்கள். பள்ளிப் படிப்பு முடியும்வரை திவ்யா பரவையில்தான் வளர்ந்தாள். மொபெட்டில் முன்னால் கத்தரிக்காய்ச் சாக்கு, பின்னால் திவ்யா, சாக்குக்கு மேல் அவளுடைய புத்தகப் பை. தங்கப்பாண்டியை அதுவரை மாற்று ஆளாக நடத்தாத ஒரே ஜீவன் அவள்தான். அவளுக்கு அவர்தான் முதல் ஆள். இந்த விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தங்கப்பாண்டி ஒரு நாளும் மறந்ததில்லை.

அப்பா இறந்தார். அண்ணன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து பிளாட் வியாபாரம் தொடங்கினார். பாகம் பிரிக்க உக்கிரபாண்டி வந்து நடுவில் உட்கார்ந்தார். நிலம் பிரிந்தது, மாடு பிரிந்தது, அண்டா குண்டா பிரிந்தது. வீட்டை அளந்து நூல் கட்டியபோது, நூல் சரியாகப் போர்க் குழாயின் நெற்றியில் விழுந்தது.

"மோட்டார் நான் வாங்கிப் போட்டது பெரியப்பா" என்றார் பாண்டியராஜன்.

"அடிபம்பு அப்பா போட்டது" என்றார் தங்கப்பாண்டி.

அதுவும் உண்மை. முதலில் பம்புதான் இருந்தது. மோட்டார் வந்த பிறகும், கரண்டு போனால் உதவும், இருக்கட்டும் என்று அதைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். அந்த வீட்டில் அப்படி விட்டுவைக்கப்பட்டவை இரண்டு. மற்றொன்று தன் பக்க நியாயத்தை இப்போதுதான் சொல்லி முடித்திருந்தது.

"பெறகென்னப்பா, சிக்கலே இல்ல. மோட்டார் மூத்தவனுக்கு, பம்பு இளையவனுக்கு" என்று உக்கிரபாண்டி எழுந்திருக்கப் போனார்.

"தண்ணி யாருக்கு?" என்று உள்ளேயிருந்து கனகலட்சுமி கேட்டார்.

உக்கிரபாண்டி மறுபடி உட்கார்ந்தார். "மருமக கேக்குறதும் நியாயந்தான். மோட்டாரு எம்புட்டு ஆழத்துல கெடக்கு?"

"முந்நூறு அடி."

"பம்பு?"

"அதுக்கு நூறடி பைப்புதான்."

உக்கிரபாண்டி கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "அப்படின்னா கேட்டுக்கங்க. மேல் தண்ணி தம்பிக்கு. கீழ்த் தண்ணி அண்ணனுக்கு. ஒருத்தர் தண்ணியில ஒருத்தர் கை வைக்கப்படாது."

கூட்டம் அசந்துவிட்டது. கிணற்றை ஊரில் எல்லோரும் முறை வைத்துத்தான் பிரிப்பார்கள்: இன்று உன் முறை, நாளை என் முறை. தண்ணீரை மாடி வீடு, கீழ் வீடு என்று உயரத்தில் பிரித்தவர் அந்த ஜில்லாவில் உக்கிரபாண்டி ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். தண்ணீரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

சுவர் எழும்பியது. முதல் வாரமே தங்கப்பாண்டிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வடக்கே மோட்டார் ஓடத் தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் தெற்கே பம்பின் கைப்பிடி லேசாகும். பிறகு பம்பு இருமும். பிறகு காற்றுதான். மோட்டார் கீழிருந்து இழுக்க இழுக்க, மேலே நிற்கும் தண்ணீரும் சரிந்து இறங்கிவிடுகிறது. நிறுத்தினால், அது மறுபடி ஊறி ஏறி வர ஒரு பொழுது ஆகிறது.

பம்பு ரிப்பேர் ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டார். ஆண்டிச்சாமி எந்தப் பம்பில் எந்தக் கோளாறு என்றாலும் வாசரை மாற்றுவார். இதிலும் மாற்றினார். புது வாசருடன் பம்பு முன்னைவிடச் சுத்தமாகக் காற்றை இழுத்தது.

தங்கப்பாண்டி, உக்கிரபாண்டியிடம் முறையிட்டார். "பெரியப்பா, என் பங்குத் தண்ணி கீழ போயிருது."

"கீழ போயிருச்சுன்னா அது கீழ்த் தண்ணிடா. அது யாருக்குன்னு அன்னைக்கே பேசி முடிச்சாச்சுல்ல?"

சட்டம் படித்தவர்களால்கூட இந்தத் தீர்ப்பில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. அன்றிலிருந்து அண்ணன் எழுந்து சுவிட்சைப் போடுவதற்கு முன்பே எழுந்து குடங்களை நிரப்பிக்கொள்வது தங்கப்பாண்டி குடும்பத்தின் வழக்கமாயிற்று. இதனால் அவருக்கு உடம்பு இறுகியது, தூக்கம் குறைந்தது, அண்ணன் மேல் மரியாதை மட்டும் அப்படியே இருந்தது. அந்த மரியாதைதான் கனகலட்சுமிக்கு எரிச்சல்.

திவ்யா படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குப் போனாள். ஊருக்கு வந்தால் சுவருக்கு மேல் தலையை நீட்டி "சித்தப்பா!" என்று கத்துவாள். பிறகு திருப்பரங்குன்றத்தில் ஒரு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டில் மாமா முறை அழகுராஜா என்பவர்தான் எல்லாம் பேசினார். அவர்கள் நகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. "பங்காளிச் சண்ட இருக்கிற வீட்டுல மட்டும் நாங்க சம்பந்தம் வைக்கிறதில்லங்க" என்றார்களாம். "எங்க வீட்டுலயா? சேச்சே!" என்றாராம் பாண்டியராஜன். நடுவில் சுவர் இருக்கிறதே என்று கேட்டதற்கு, பக்கத்து இடம் வேறு யாருடையதோ என்று சொல்லிவிட்டாராம். இந்தத் தகவல் அப்போது தெற்கே வந்து சேரவில்லை.

நிச்சயதார்த்தம் வீட்டிலேயே என்று முடிவானது. பெண்ணின் சித்தப்பாவை எப்படி அழைக்க வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, வாயால் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டால்தான் தட்டு மாற்றும்போது சபையில் அண்ணன் பக்கத்தில் உட்காரலாம். தங்கப்பாண்டிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தான் மொபெட்டில் வைத்து வளர்த்த பிள்ளைக்குத் தட்டு மாற்றும்போது, அந்த ஜமுக்காளத்தில் தனக்கு ஓர் இடம். பட்டுக்கரை வேட்டி வாங்கி, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

அண்ணனிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. பிள்ளையார், தாமரை, தேதி, நேரம். அதே படம் ஊரில் உள்ள நானூறு பேருக்கும் போயிருந்தது.

"வருவாக" என்றார் தங்கப்பாண்டி. "ஜோலி அதிகமில்ல? கடைசியா நம்மகிட்ட வருவாக. நம்ம என்ன வெளி ஆளா?"

"நம்ம என்ன ஆளுன்னு நாளைக்குத் தெரிஞ்சுரும்" என்றார் கனகலட்சுமி.

மறுநாள் காலை, பந்தலில் வாழைமரம் நிமிர்ந்து நிற்க, நாதஸ்வரக்காரர் காப்பி குடித்துக்கொண்டிருக்க, தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஒரு வெடிச்சத்தத்தோடு உயிரை விட்டது. மைக்குக்கும் லைட்டுக்கும் வாடகை ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அது அந்த மோட்டாரை இழுக்காது. முந்தின நாள்தான் மதினி மொட்டைமாடி, வாசல், கார், காம்பவுண்டு எல்லாவற்றையும் டேங்க் காலியாகும்வரை கழுவவிட்டிருந்தார். தண்ணி லாரிக்காரரைக் கூப்பிட்டால், தன் லாரிக்கும் கரண்டில்தான் தண்ணீர் ஏறுகிறது என்றார். சமையல்காரர் முத்திருளன் வெறும் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, முந்நூறு பேருக்குச் சோறு. எச்சியத் துப்பியா வடிக்கச் சொல்றீக?" என்று கேட்டார்.

சிறிது நேரத்தில் தெற்கு வாசலில் அண்ணனும் மதினியும் நின்றார்கள். மதினி கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ.

"உள்ள வாங்கண்ணே, வாங்க மதினி" என்று தங்கப்பாண்டி பதறி எழுந்தார்.

"தம்பி, ஒரு வாரமா வரணும் வரணும்னுதான்... ஓடிக்கிட்டே இருந்துட்டேன்டா. இன்னைக்கு நம்ம பிள்ளைக்கு நிச்சயம். நீயும் லட்சுமியும் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

கனகலட்சுமி தட்டை வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "தட்டு எங்களுக்கா, பம்புக்கா?"

"இந்தா, சும்மா இரு" என்று தங்கப்பாண்டி தானே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வாரேண்ணே. தண்ணிக்கு நீங்க கவலப்படாதீக. நான் அடிச்சு விடுறேன். தட்டு மாத்துறப்ப ஒரு குரல் குடுங்க, வந்துர்றேன்."

"நீ இல்லாமத் தட்டு மாத்துவனாடா?" என்றார் பாண்டியராஜன்.

குடத்தைச் சுமந்துகொண்டு தெரு வழியாக யாரும் போய்வரக் கூடாது, மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம் என்று மதினி சொன்னதால், சுவரின் தொந்திக்குப் பக்கத்தில் ஹாலோ பிளாக் கல் இரண்டைப் பெயர்த்து ஒரு பொந்து போட்டார்கள். பம்பு மூக்கில் டியூபை மாட்டி, பொந்து வழியாக வடக்கே விட்டு, தண்ணீர் தானாக ஓடும்படி சரித்து, தரைக்குள் பாதி புதைத்த டிரம்மில் இறக்கினார்கள். எத்தனையோ வருஷமாகச் சேராத அண்ணன் தம்பி வீடு, ஒரு பச்சை டியூபால் சேர்ந்தது.

தங்கப்பாண்டி பட்டுக்கரை வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு, பனியன் கைலியோடு அடிக்கத் தொடங்கினார். மோட்டார் ஓடாத நாள் என்பதால் மேல் தண்ணி தாராளமாக நின்றது. கைப்பிடி கனமாக, முழு வாயாக வந்தது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைக் கனகலட்சுமி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அவர் பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, வாசல்படியில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொந்தில் ஒரு முகம் தெரிந்தது. நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி எல்லாவற்றோடும் திவ்யா.

"சித்தப்பா! கை வலிக்கலையா?"

"போடி, இதென்ன வலி? நீ போயி ஒக்காரு. நல்ல நேரம் வந்துருச்சு. நான் இந்தா வந்துட்டேன்."

திவ்யாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "சித்தப்பா... அப்பா உங்ககிட்ட சொல்லிட்டேன்னாரு. நீங்க எதையும் மனசுல வச்சுக்காதீங்க, சரியா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா தங்கம். தட்டோட வந்து முறையாக் கூப்பிட்டாச்சுல்ல?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "திவ்யா, மேக்கப் கலையுது, வெயில்ல என்ன பண்ற?" என்று மதினியின் குரல் அவளை இழுத்துக்கொண்டு போனது.

மாப்பிள்ளை வீட்டு வேன்கள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நாதஸ்வரம் கேட்டது. மைக்கில் உக்கிரபாண்டி தொண்டையைச் செருமுவது கேட்டது. தங்கப்பாண்டி அடிப்பதை நிறுத்தித் துண்டால் முகத்தைத் துடைத்தார். உடனே பொந்தில் முத்திருளன். "அண்ணே, நிறுத்திப்புடாதீக! உலை கொதிக்குது!" மறுபடி அடித்தார். வேட்டியைப் பார்த்துக்கொண்டே அடித்தார்.

அப்போது டிரம்முக்குப் பக்கத்தில் யாரோ வந்து கை கால் கழுவுவது தெரிந்தது. வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, நல்ல மனிதர் போன்ற முகம். குனிந்து பொந்து வழியாகப் பார்த்தார்.

"அடேயப்பா, கை பம்புல இம்புட்டுத் தண்ணியா! ஆள் யாரும் இல்லையேன்னு பாத்தேன். நீதான் அடிக்கிறயா? நான் மாப்பிள்ளைக்கு மாமா, அழகுராஜா."

"வணக்கம்ய்யா" என்றார் தங்கப்பாண்டி. அடுத்து, நான் பொண்ணுக்குச் சித்தப்பா என்று சொல்ல வேண்டும். சொல்ல மூச்சு வாங்கிக்கொண்டார்.

அழகுராஜா பேச்சுப் பிரியர். "நல்ல குடும்பம்ப்பா. நாங்க பாத்த மட்டுக்கும் ஒரு சண்ட சச்சரவு கெடையாது. ஒரே ஒரு கொறதான். பொண்ணோட சித்தப்பா சிங்கப்பூர்ல இருக்காராம். அண்ணன் தம்பின்னா அம்புட்டு ஒட்டுதலாம். லீவு கெடைக்கலையாம், பாவம். பொண்ணு அவர் வளத்த பிள்ளைன்னு சொல்றாக. அவர் வந்து சபையில ஒக்காந்திருந்தா எப்படி இருந்திருக்கும்!"

பம்பின் கைப்பிடி மேலே போய் அங்கேயே நின்றது. படியில் உட்கார்ந்திருந்த கனகலட்சுமி எழுந்து நின்றார்.

திவ்யா சொல்லவந்தது என்ன என்பது தங்கப்பாண்டிக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணன் தட்டோடு வந்ததும், நீ இல்லாமத் தட்டு மாத்துவனாடா என்றதும் எந்தக் கணக்கில் என்பதும் விளங்கியது. சிங்கப்பூரில் இருக்கிறவன் பரவையில் எப்படிச் சபையில் உட்காருவான்? ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் அண்ணன் முகத்தில் கரி. அதோடு நிற்காது. வேன்கள் வந்த வழியே திரும்பும். பொந்துக்கு அப்பால், பந்தலில், நெற்றிச்சுட்டியோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

"என்னப்பா, பேச்சையே காணோம்? சித்தப்பாவ உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்கய்யா" என்றார் தங்கப்பாண்டி. "நல்ல மனுசன். லீவுதான் கெடைக்கலையாம்."

"நீ இங்கயே வேல பாக்குறயா?"

"பம்புக்கு வந்த ஆளுங்க."

கைப்பிடி இறங்கியது. டியூபில் தண்ணீர் மறுபடி ஓடியது. அழகுராஜா அசல் நல்ல மனிதர். போகிறபோது முத்திருளனைக் கூப்பிட்டு, "பம்படிக்கிற ஆளுக்கு மொதல்ல சாப்பாடு குடுத்துருங்கப்பா, காலையில இருந்து நிக்குறான் போல" என்று சொல்லிவிட்டுப் போனார். மைக்கில் உக்கிரபாண்டி, சித்தப்பா ஸ்தானத்தில் தானே இருந்து தட்டு வாங்குவதாகச் சபைக்கு அறிவித்தார். கெட்டிமேளம் கொட்டியது. மேளத்தின் வேகத்துக்குத் தங்கப்பாண்டி அடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பொந்து வழியாக ஒரு பாக்குமட்டைத் தட்டு நீண்டது. தட்டில் கேசரி, வடை, இலைத்துண்டில் சாம்பார் சாதம்.

கனகலட்சுமி அதை வாங்கினார். பொந்து வழியாகவே திருப்பி வைத்தார். பிறகு பட்டுச்சேலையை அவிழ்க்க உள்ளே போனார்.

மாலையில் கரண்டு வந்தது. மோட்டார் ஓடியது. தங்கப்பாண்டி குளிக்கலாம் என்று போனபோது பம்பு இருமியது. உடம்பில் காய்ந்த வியர்வை உப்போடு படியில் உட்கார்ந்திருந்தார். கொத்தனார் வந்து பொந்தை அடைப்பதற்கு முன், பொந்தில் அண்ணன் முகம் தெரிந்தது.

"டேய், அந்த மனுசன் எல்லாம் சொன்னாரு. நீ சமாளிச்சது பெரிய காரியம்டா. கோவத்துல கீவத்துல வாயத் தொறந்திருந்தேன்னா..."

"பிள்ளைக்காகண்ணே."

"தெரியும்டா, தெரியும். ஆனா இப்ப கல்யாணத்துக்குத்தான் ஒரு சிக்கல். கல்யாணத்துக்குச் சிங்கப்பூர்ல இருந்து வந்துட்டான்னு உன்னையக் காட்டிறலாம்னுதான் நெனச்சிருந்தேன். இப்ப அவரு உன் மொகத்தப் பாத்துட்டாரு. பம்புக்கு வந்த ஆளுன்னு வேற நீயே சொல்லிட்ட."

தங்கப்பாண்டி யோசித்தார். ஒரு மாற்று ஆள் எந்த நிலைமையிலும் மாற்று வழி யோசிப்பான். "அப்படின்னா தண்ணிக்கு வரட்டாண்ணே? சமையக்கட்டுப் பக்கம் நின்னுக்கிறேன். தாலி கட்டுறப்ப தூரத்துல இருந்து பாத்துட்டு வந்துர்றேன்."

பாண்டியராஜன் உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "இல்லடா. திருப்பரங்குன்றத்துல பெரிய மண்டபம். பெரிய ஜெனரேட்டர் ரெண்டு நிக்குது. தண்ணிக்கு ஆளே தேவையில்ல."

ஆனால் அண்ணன் தம்பியை முழுதாகக் கைவிடவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள், வடக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்தனுப்பினார். வீட்டைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும். முகூர்த்தம் முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளை பால் பழம் சாப்பிட வருவார்கள், கூடவே சம்பந்தி வீட்டுக் கூட்டமும் வரும். அதற்குள் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும். அவர்கள் வருவதற்கு முன்னால் தங்கப்பாண்டி சுவருக்குத் தெற்கே போயிருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று தெருவே பூட்டிக்கிடந்தது. கடைசியாகப் போன ஒருவர் பைக்கை நிறுத்தி, "என்ன மாப்ள, நீ கெளம்பலையா?" என்று கேட்டார்.

"அண்ணன் வீட்டப் பாத்துக்கிறச் சொல்லியிருக்காரு" என்று தங்கப்பாண்டி சாவியைத் தூக்கிக் காட்டினார்.

வடக்கு வீட்டுக்குள் போனார். பட்டுக்கரை வேட்டியைக் கட்டியிருந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ள எதற்கு இந்த வேட்டி என்று கனகலட்சுமி கேட்கவில்லை. நிச்சயத்தன்றிலிருந்து அவர் கணவரிடம் எதையுமே கேட்பதில்லை. நாள் முழுக்க மோட்டார் ஓடாது என்ற நினைப்பில், கனகலட்சுமி தெற்கு வீட்டிலிருந்த பாத்திரம் அத்தனையையும் முற்றத்தில் பரப்பி வைத்து, பம்பை அடித்துக்கொண்டிருந்தார்.

வடக்கு வீட்டுக் கடிகாரத்தின் கீழ் தங்கப்பாண்டி நின்றார். திருப்பரங்குன்றத்தில் இந்நேரம் மாலை மாற்றியிருப்பார்கள். இந்நேரம் தாலியைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டிக்கொண்டு வருவார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிடுவார்கள். அவர் இரண்டு கையையும் கூப்பினார். பிறகு போய் மோட்டார் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் மொட்டைமாடிக்கு ஏறுகிற சத்தம் சுவருக்குள் ஓடியது.

சுவருக்கு அப்பாலிருந்து, பல வாரங்களுக்குப் பிறகு, கனகலட்சுமியின் குரல் வந்தது.

"ஏங்க! பாதிக் கொடம்கூட நெறயல, தண்ணி நின்னு போச்சு! மோட்டார நிறுத்துங்க!"

தங்கப்பாண்டி சுவிட்சின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"தாலி கட்டுற நேரம்டி" என்றார். "பிள்ள வாரப்ப டேங்க் நெறஞ்சிருக்கணும். கொஞ்சம் பொறு."